பெயர் எழுதிய மாத்திரைக் கவர்

எனக்குக் குரல் பெரிது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். நான் உள்ளே பேசினால் சாலைக்கு அந்தப் பக்கம் இளநீர் வெட்டுகிறவர் பதில் சொல்வார். கடை என்னுடையதல்ல. முதலாளி திண்டிவனத்தில் இருக்கிறார். ஆனால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் மருந்தாளுநர் சான்றிதழில் இருக்கிற விருத்தாம்பாள் நான்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யார் வீட்டில் தூக்க மாத்திரை வாங்குகிறார்கள் என்று இந்த ஊரின் வியாதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று போன ஆடி மாதம் வரைக்கும் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர் எப்படி அடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் பீமாராவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பீமாராவுக்கு முப்பத்தாறு வயது. சிங்கவரம் போகிற வழியில் இருக்கும் மரக்கன்று நர்சரியில் வேலை. மண் கலந்து கறுப்புக் கவரில் நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் விடுவது எல்லாம் அவன்தான். கவருக்குக் கவர் ஒரு சின்ன அட்டை செருகி, என்ன கன்று என்று எழுதி வைப்பான். "சின்னதுல எல்லாம் ஒரே மாதிரிதாங்க்கா இருக்கும். பேரு இல்லாம குடுத்துட்டு, மூணு வருசம் கழிச்சு அவங்க வந்து திட்டுறதுக்கா?" என்பான். சத்தமில்லாத வேலை என்பதற்காகவே அதைத் தேடிப் பிடித்தான். ஏனென்றால் திடீரென்று வருகிற சத்தம் பீமாராவைக் கொன்றுவிடக் கூடும். நான் மிகைப்படுத்திப் பேசுகிறவள்தான், ஆனால் இதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

அவனுக்குப் பதினாறு வயதிருக்கும்போது அக்கா மகாலட்சுமி செத்துப்போனாள். அவளுக்குப் பத்தொன்பது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலை செய்கிறதா என்று ஒரு நொடி முழுச் சத்தத்தில் போட்டுப் பார்த்தார்கள். அவள் திடுக்கிட்டு எழுந்தாள். நின்ற இடத்திலேயே விழுந்தாள். அப்புறம் எழவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றது தெரு. அதற்கு ஆறு வருஷம் முன்னால் அவர்களுடைய நைனா நாற்பது வயதில் படுத்த பாயிலேயே விடிகாலையில் உயிரை விட்டிருந்தார். குடித்துக் குடித்துப் போனான் என்றது அதே தெரு. அந்த மனுஷன் குடிக்கவே மாட்டாராம். இந்த ஜனங்களுக்கு ஒரு சாவுக்குக் காரணம் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?

பீமாராவும் இரண்டு மூன்று தரம் விழுந்தான். பள்ளிக்கூட மணிக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம். விழுந்து, கை கால் வெட்டி, ஒரு நிமிஷத்தில் தானே எழுந்துகொள்வான். காக்கா வலிப்பு என்று முடிவு கட்டி, மந்திரித்த கயிறும் கட்டி, வலிப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் அந்த மாத்திரையைத் தின்றான். அப்புறம் கல் குவாரிக்கு வேலைக்குப் போனான். எந்தக் குவாரி என்ற பெயர் வேண்டாம். ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வெடி வைத்தார்கள். இந்த முறை விழுந்தவன் லேசில் எழவில்லை. கூட வேலை செய்தவர்கள் நெஞ்சை அமுக்கி, டெம்போவில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே ஒரு டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "உங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காங்களா?"

இருபத்தைந்து வயது வரைக்கும் பீமாராவிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவன் நைனாவையும் அக்காவையும் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

வியாதி இதுதான். இதயம் ஒரு தரம் துடித்து முடித்ததும் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். பீமாராவின் இதயத்துக்கு அந்தக் கணம் கொஞ்சம் நீளம். பிறவியிலேயே அப்படி, பரம்பரையாக வருவது. அந்த நீண்ட கணத்துக்குள் திடீர் சத்தமோ பயமோ வந்து இடித்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும். இதயம் நடுங்கும், ஆனால் ரத்தத்தைத் தள்ளாது. தானாகச் சரியானால் மயக்கம், ஆகாவிட்டால் சாவு. வலிப்பும் இல்லை, காத்தும் இல்லை.

மருந்து என்னவோ பழைய மருந்துதான். ப்ரோப்ரனலால், நாற்பது மில்லிகிராம், தினம் மூன்று வேளை. திடுக்கிடும்போது உடம்பு இதயத்தை நோக்கி ஒரு சாட்டையை வீசுகிறதே, அந்தச் சாட்டையை இந்த மாத்திரை பிடித்துக்கொள்ளும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அதோடு டாக்டர் ஒரு பட்டியலும் கொடுத்தார். சில மருந்துகள் அந்த நீண்ட கணத்தை இன்னும் நீட்டிவிடும். சில கிருமிக்கொல்லிகள், சில வாந்தி மாத்திரைகள், சில மனநோய் மருந்துகள். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை இவனுக்கு விஷம்.

அந்தப் பட்டியலை லேமினேட் செய்து கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு பீமாராவ் முதல் முதலாக என் கடைக்கு வந்தபோது நான் அவனோடு சண்டை போட்டேன். ப்ரோப்ரனலாலை எடுத்துக் கொடுத்தால், "அக்கா, அட்டைல இருக்குற பேரைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்றான். காட்டினேன். "இந்தப் பட்டியல்ல இல்லையே?" என்றான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருகிட்ட வந்து பாடம் எடுக்குற? நான் படிச்சவளா நீ படிச்சவனா?"

"நீங்கதான் படிச்சவங்க. சாவப் போறது நான்தானேக்கா?" என்றான், சிரித்தபடி. பிறகு மெதுவாக அக்கா கதையைச் சொன்னான். அன்றைக்கு ஒரு கவரை எடுத்து, அதன்மேல் "பீமாராவ்" என்று எழுதி, மாத்திரையின் முழுப் பெயர், அளவு, எத்தனை வேளை என்று எழுதி, அடியில் பட்டியலைப் பார்த்தாகிவிட்டது என்று ஒரு டிக்கும் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து பதினோரு வருஷமாக மாதா மாதம் ஐந்தாம் தேதி வருவான். கவரை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் கேட்கப் போன வீட்டில் பட்டியலை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் காபியைத் தொட்டானாம். அப்படியும் சரி என்று சொன்னவள் அன்புக்கரசி. அனு பிறந்தாள். அவளுக்கும் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அதில் கெட்ட பாதிதான் வந்தது. இப்போது ஏழு வயதாகும் அவளுக்கும் எடைக்குத் தக்கபடி அதே மருந்து, அதே பட்டியல். முடிவு தெரிந்த அன்று அன்புக்கரசி என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டு.

சிங்கவரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். குக்கர் கிடையாது, விசில் வரும் என்று. சோறு பானையில்தான். அலாரம் கிடையாது. காலிங் பெல் கிடையாது. கதவு ஓரத்தில் ரப்பர் ஒட்டியிருக்கும். இரண்டு போனும் எப்போதும் ஊமைதான். தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமென்றால் முதலில் தாழ்ந்த குரலில் பேர் சொல்ல வேண்டும், அப்புறம்தான் தொட வேண்டும். என் குரலோடு அந்த வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து வந்தது எனக்கு ஒரு விரதம் இருந்த மாதிரி.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் "செட்" என்று ஒன்று உண்டு. காய்ச்சலா, சளியா, வயிற்றால் போகிறதா, டாக்டரிடம் போக மாட்டார்கள். கடைக்கு வந்து, "ஒரு செட் குடுக்கா" என்பார்கள். நாங்கள் நாலைந்து அட்டைகளை எடுத்துக் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி, காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். நறுக்கும்போது பெயர் இருக்கிற பக்கம் அட்டையோடு தங்கிவிடும். வாங்குகிறவருக்கு வெள்ளை, மஞ்சள், சின்னது, பெரிது என்றுதான் தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தும் அதில் இருக்கும். தெரிந்தேதான் கொடுத்தேன். எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்கள் என்பது ஒரு சமாதானமா? இல்லை. யாருக்காக வாங்குகிறார்கள் என்றும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது சொல்லியனுப்புவார்கள், அவர் வந்து வாங்கிப் போவார். அதுதான் வழக்கம்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கோயில் கூட்டமும் பஸ் கூட்டமும் சேர்ந்து கடை நெரிகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கலியபெருமாள் தலையை உள்ளே நீட்டினார்.

"எக்கா, வாந்தி, வயித்தால போவுது, காய்ச்சலும் இருக்குது. ஒரு நாளைக்கு செட்டு குடுக்கா. வண்டில ஆள் குந்திகினு இருக்குது, சீக்கிரம்."

கை தானாக ஓடியது. அசித்ரோமைசின் ஒன்று. வாந்திக்கு டாம்பெரிடோன் மூன்று. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். நறுக்கினேன், மடித்தேன், "சாப்டுட்டுப் போடச் சொல்லு" என்றேன். அவர் போய்விட்டார். அப்போது மணி ஒன்பதரை.

பதினோரு மணிக்குக் கூட்டம் குறைந்தது. மேசை ஓரத்தில் பீமாராவின் கவர் கிடந்தது. ஐந்தாம் தேதி போய் இன்றைக்கு ஏழு. வரவில்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவன் எப்போதும் ஒரு வார மாத்திரை கையில் மிச்சம் வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பதினொன்றே கால் மணிக்குக் கலியபெருமாள் மறுபடி வந்தார். "எக்கா, உப்புத்தண்ணி பவுடரு நாலு பாக்கெட் குடு. காலைலயே சொல்லிச்சு அந்தப் பொண்ணு, நான் மறந்துட்டேன்."

"எந்தப் பொண்ணு?"

"அதான், நர்சரி பீமாராவு பொஞ்சாதி. அவருக்குத்தான் ரெண்டு நாளா வயித்தால போவுது. காலைல வாங்கினு போனேனே, அந்த செட்டு அவருக்குத்தான்."

அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் மூன்றாவது வரி. டாம்பெரிடோன் ஒன்பதாவது. பதினோரு வருஷமாக எனக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, வாந்தியிலும் பேதியிலும் உடம்பிலிருந்து பொட்டாசியம் போய்விடும், அது போனாலே அந்த நீண்ட கணம் இன்னும் நீளும். அதன் மேல் என் கையால் நறுக்கிய இரண்டு மாத்திரைகள். ஒரு மனுஷனைச் சாகடிக்க வேண்டுமென்று யோசித்து மடித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக மடித்திருக்க முடியாது.

"எப்பய்யா குடுத்த?"

"அப்பவே, பத்து மணிக்கு. ஏங்கா, மூஞ்சி இன்னா இப்படி போவுது?"

பீமாராவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அன்புக்கரசிக்குப் போட்டேன், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. ஊமைப் போனுக்கு எத்தனை தரம் அடித்தால் என்ன? அந்த வீட்டைக் காப்பாற்றுகிற மௌனமே இன்றைக்கு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. பீமாராவின் கவரையும் உப்புத்தண்ணீர்ப் பவுடரையும் பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, கலியபெருமாளின் ஆட்டோவில் ஏறினேன். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை இறங்கச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று அந்த இளநீர்க்காரரைக் கேளுங்கள்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் என்ன தூரம், எட்டிப் பிடிக்கிற தூரம். அன்றைக்கு மெட்ராஸ் தூரம் இருந்தது. வழியெல்லாம் கலியபெருமாளைத் திட்டினேன். "யாருக்குன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா?" அவர் பாவம், வண்டியை விரட்டினார். ரங்கநாதர் மலை தெரிந்ததும் வழக்கப்படி ஆரனில் கை வைத்தார். அவர் ஆட்டோ ஆரன் சாதாரண ஆரன் இல்லை, ஏழு விதமாகக் கத்தும். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன்.

"அமுக்கின, உன் கைய உடைச்சுடுவேன். அந்தப் புளியமரத்துக்கிட்டயே நிறுத்து. எஞ்சின ஆஃப் பண்ணு."

அங்கிருந்து நடந்தேன். ஓடினால் காலடிச் சத்தம் கேட்குமோ என்று பயம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஐம்பத்து நாலு வயதில், முழங்கால் வலிக்காரி, கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் எப்போதுமே சத்தம் இருக்காது. அழுகைச் சத்தம் வரவில்லை, அதுவே நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜன்னலருகே நின்று என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கிசுகிசுத்தேன். "அன்புக்கரசி... அன்புக்கரசி..."

கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, வெளுத்து, கண் உள்ளே போய், கையில் ஒரு தம்ளர் கஞ்சியோடு பீமாராவ் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான்! மடியில் அனு படுத்திருந்தாள்.

"வாங்கக்கா. செருப்ப ஏன் கைல வச்சிருக்கீங்க?" என்றான்.

"மாத்திரை... மாத்திரை போட்டியா?"

அவன் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினான். நான் மடித்த பொட்டலம் அங்கே இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்துப் பிரித்தேன். அசித்ரோமைசின் ஒன்று. டாம்பெரிடோன் ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் இருந்தன. மறுபடி எண்ணினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காலிலிருந்து சூடாக ஏறி வந்து கண்ணில் வழிந்தது.

அன்புக்கரசி என்னைப் பார்த்து மிரண்டுபோனாள். "இன்னாக்கா ஆச்சு? நீங்க மடிக்கிற மாதிரியே இருந்துது. விருத்தாம்பாக்கா கைதான், நம்பி போடுங்கன்னு நான் எவ்ளோ சொன்னேன். பாப்பாவுக்கும் காலைலேர்ந்து வயிறு சரியில்ல. அவளுக்கு பாதி உடைச்சுக் குடுக்கலாம்னு கைல எடுத்துட்டேன். இவருதான் கையைப் புடிச்சுட்டாரு."

என் கை என்பதால்தான் அந்தப் பெண் நம்பியிருக்கிறாள். அந்த மாத்திரையை உடைத்துக் குழந்தை வாயில் போடப் பார்த்திருக்கிறாள்.

"எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?" என்றேன்.

"அதுல பேரு எழுதலியேக்கா" என்றான் பீமாராவ், ரொம்பச் சாதாரணமாக. "மடிப்பு உங்களுதுதான். எனக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பேரு எழுதியிருப்பீங்க, டிக்கு போட்டிருப்பீங்க. எழுதல. அப்போ யாருக்குன்னு தெரியாம குடுத்துட்டீங்க. பேரு இல்லாதத நான் வாயில போடுறதில்ல, அது யாரு குடுத்தாலும்."

அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாகத் திட்டினேன், கிசுகிசுப்பாக. ரெண்டு நாளாகப் பேதி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு என்ன? அன்புக்கரசியையும் திட்டினேன். காலை மாத்திரையை அவன் வாந்தி எடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தேன். கலியபெருமாளின் ஆட்டோவில், ஆரன் இல்லாமல், மாட்டு வண்டி வேகத்தில் நாங்கள் எல்லோரும் செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

டூட்டியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. பீமாராவ் கழுத்திலிருந்த பட்டியலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். பாலித்தீன் கவரில் பத்திரமாக வைத்திருந்த பழைய இ.சி.ஜி.யையும் கொடுத்தான். அவர் இரண்டையும் முழுசாகப் படித்தார். பிறகுதான் நாடியைப் பிடித்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் புது இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நான் வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், "கொஞ்சம் போன ஊமையா வைங்கம்மா" என்று காதோடு காதாகக் கெஞ்சினேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் இவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அதை டிரிப்பில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ப்ரோப்ரனலாலை மறுபடி கொடுத்து, அது வயிற்றில் தங்குகிறதா என்று பார்த்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி, திரையில் பச்சைக் கோடு ஓடவிட்டார்கள். டாக்டரம்மா பழைய இ.சி.ஜி.யையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அளவுகோலால் அளந்து, என்னைக் கூப்பிட்டார்.

"வழக்கமா இருக்குறத விட ஒரு துளி நீளம். பொட்டாசியம் ஏறினா சரியாயிடும். பாப்பாவோடது அப்படியேதான் இருக்கு" என்றார். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் அதை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோடு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அனு ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்துக்கொண்டே, "விருத்தாம்பா பெரியம்மா, நீ ரெண்டு நாளா கத்தவே இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பீமாராவ்தான் அதிகமாகச் சிரித்தான். எனக்கு அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாக நான் பெயர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அதுவும் அவன் கேட்டதால், சண்டை போட்டதால். அந்த எழுத்துதான் அவனையும் குழந்தையையும் காப்பாற்றியது. மற்றபடி ஊர் முழுக்கப் பெயரில்லாத பொட்டலத்தைத்தான் என்னை நம்பி விழுங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த நாள் முதலாளிக்குப் போன் போட்டு, இனி என் கையால் செட் கிடையாது, சீட்டு வேண்டிய மருந்து சீட்டு இல்லாமல் கிடையாது, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் சரி என்றார். நானே இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டுப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது கடைக்கு யார் வந்தாலும், தலைவலி மாத்திரை ஒன்று என்றாலும், "யாருக்கு?" என்பதுதான் என் முதல் வார்த்தை. பேர் என்ன, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா, வீட்டில் யாருக்காவது என்ன? கேட்டுவிட்டு, கவரில் பேர் எழுதி, மாத்திரையின் பேர் எழுதி, டிக் போட்டுத்தான் கொடுக்கிறேன். ஊரில் எனக்கு "யாருக்கா" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறவர்கள் எரிந்து விழுகிறார்கள். நானும் எரிந்து விழுகிறேன், குரல் திரும்ப வந்துவிட்டது. பீமாராவ் ஐந்தாம் தேதி வந்தபோது கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுவந்தான். அட்டையில் "கறிவேப்பிலை, விருத்தாம்பாள் அக்காவுக்கு" என்று எழுதி, கீழே ஒரு டிக் போட்டிருந்தான். படவா.

போன வாரம் கலியபெருமாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எக்கா, குறுக்குப் புடிச்சுக்கிச்சு. ஒரு வலி மாத்திரை குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்கா! பாத்தா தெரியல?"

"பேரு?"

"இன்னாக்கா இது, இருவது வருசமா என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். சொல்லு. வேற எதுனா மாத்திரை சாப்பிடுறியா?"

"பிரஷருக்குத்தான். ரெண்டு விதம் போடுறேன், எட்டு வருசமா. முன்னாடி கவர்மெண்டு ஆஸ்பத்திரில வாங்குவேன், இப்போ நர்சம்மா வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க."

என் பேனா நின்றுவிட்டது. இந்த எட்டு வருஷத்தில் இதே இடுப்புக்கு இதே மனுஷனுக்கு, ரத்த அழுத்தக்காரர் தொடவே கூடாத வலி மாத்திரையை எத்தனை தரம் நறுக்கிக் கொடுத்திருக்கிறேன்?

"ஏன்யா, இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

கலியபெருமாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீ கேக்கலியேக்கா" என்றார்.

நான் எடுத்து வைத்திருந்த மாத்திரையைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். வேறு ஒன்றை எடுத்தேன். கவரில் "கலியபெருமாள்" என்று முழுசாக எழுதி, கீழே மாத்திரையின் பெயரை எழுதி, அவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன்.